காம்ரேட்ஸுக்குக் கால்களைத் தயார் செய்வது எப்படி: தசைக்குள் ஓடும் நான்கு கடிகாரங்கள்

ஜனவரி பிறந்ததும், காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டத்துக்குத் தயாராகிறவர்களின் புது ஷூக்கள், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஹிக்கின்சன் ஹைவே ஓரமாக விடியற்காலையில் தென்பட ஆரம்பிக்கும். ஈஸ்டர் வருவதற்குள் அவற்றில் பல காணாமல் போய்விடும். கேட்டால் முன்காலில் வலி, குதிகாலில் வலி, முழங்கால் பிடித்துக்கொண்டது என்பார்கள். என் மச்சானுக்கும் அப்படித்தான் ஆயிற்று. மூன்றாவது வாரத்தில் அவருக்கு மூச்சு வாங்குவது நின்றது. "அத்தான், உடம்பு பழகிடுச்சு" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு ஓடும் தூரத்தை இரண்டு மடங்காக்கினார். ஏழாவது வாரத்தில் முன்கால் எலும்பில் மயிரிழை விரிசல். அந்த வருடம் ஜூனில் அவர் சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஓடுகிறவர்களுக்குக் கை தட்டினார்.

அவருடைய உழைப்பில் குறை எதுவும் இல்லை. பழகியது அவருடைய இரத்தமும் இதயமும் மட்டும். தசை பாதிதான் பழகியிருந்தது, எலும்பு பழகவே தொடங்கவில்லை. உடம்பின் ஒவ்வொரு பாகமும் தன் தன் வேகத்தில்தான் மாறும் என்பதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நான் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவன். காம்ரேட்ஸை நான்கு முறை ஓடி முடித்திருக்கிறேன், ஒரு முறை பாதியில் நின்றிருக்கிறேன். அவருக்கு அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் இந்த ஓட்டம் 1921-இல் 34 பேரோடு தொடங்கியது. ஐம்பதாவது ஓட்டமான 1975-இல்தான் கறுப்பின மக்களும், நம்மைப் போன்ற இந்திய வம்சாவளியினரும், பெண்களும் முறையாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். நம் பெரியவர்களில் பலருக்கு அதற்கு முன் அந்தச் சாலையில் வேடிக்கை பார்க்கும் இடம்தான் கிடைத்தது. அதனால் இந்த ஓட்டத்தின் மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு. வேறு நீண்ட ஓட்டத்துக்குத் தயாராகிறவர்களுக்கும் கீழே வருவது பெரும்பாலும் பொருந்தும்.

ஓடுவதற்கு முன் ஒரு கணக்கு

ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோகலோரி செலவாகும். காம்ரேட்ஸ் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறினாலும் 90 கிலோமீட்டரை ஒட்டியே இருக்கும். 88 என்று வைத்துக்கொண்டால், 70 கிலோ எடையுள்ளவருக்கு 6,000 கிலோகலோரிக்கு மேல் வேண்டும். தசைகளில் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் சர்க்கரை 400 முதல் 500 கிராம், கல்லீரலில் இன்னொரு 100 கிராம். இரண்டையும் சேர்த்தாலும் 2,400 கிலோகலோரியைத் தாண்டாது. வழியில் உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் சாப்பிட்டுக் கொஞ்சம் ஈடுகட்டலாம். மிச்சமெல்லாம் கொழுப்பிலிருந்துதான் வர வேண்டும். ஒல்லியாக இருப்பவர் உடம்பில்கூடக் கொழுப்பாகப் பல்லாயிரம் கிலோகலோரி கிடக்கிறது. எரிபொருளுக்குப் பஞ்சமில்லை, அதை வேண்டிய வேகத்தில் எரிக்கத் தசைக்குத் தெரிய வேண்டும்.

ஆறு மாதப் பயிற்சி என்பது பெரும்பாலும் இந்த ஒரு வித்தையைத் தசைக்குக் கற்றுக்கொடுப்பதுதான்.

தசைக்குள் இருப்பது

கோழிக் கறி வைக்கும்போது கால் கறி கருஞ்சிவப்பாகவும் நெஞ்சுக் கறி வெள்ளையாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நாள் முழுக்க நிற்கவும் நடக்கவும் உழைக்கும் காலில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் அதிகம். எப்போதோ ஒரு முறை படபடவென்று அடித்துப் பறக்கும் நெஞ்சில் அது குறைவு. மனிதத் தசையில் இந்த இரண்டும் கலந்தே இருக்கின்றன. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாங்கும் இழைகள் ஒரு வகை. வேகமாகச் சுருங்கினாலும் ஓரளவு தாங்குகிற இழைகள் இரண்டாம் வகை. மிக வேகமாகச் சுருங்கிச் சீக்கிரம் களைத்துவிடுபவை மூன்றாம் வகை. சாதாரண மனிதரின் முன்தொடையில் சுமார் பாதி மெது இழை. உலகத் தரத்து நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் அது முக்கால் பங்கோ அதற்கு மேலோ இருக்கும்.

ஒவ்வொரு இழைக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா இருக்கின்றன. கொழுப்பையும் சர்க்கரையையும் ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து ஆற்றலாக்கும் அடுப்புகள் இவை. இழைகளைச் சுற்றி மயிரைவிட மெல்லிய தந்துகிகள் வலைபோலப் பின்னியிருக்கும். ஆக்சிஜன் அந்த வழியாகத்தான் இழைக்குள் போகிறது. டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக், தசை உழைக்கும்போது தந்துகிகளின் ஓட்டம் எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறது என்று கண்டறிந்ததற்காக 1920-இல் நோபல் பரிசு பெற்றார்.

பயிற்சியால் தசை மாறுகிறது என்பது ரொம்பக் காலம் ஊகமாகவே இருந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹாலோசி எலிகளை 12 வாரம் ஓடவைத்து, 1967-இல் முடிவை வெளியிட்டார். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் மைட்டோகாண்ட்ரியா நொதிகளின் திறன் தசையில் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. பிறகு 1976-இல் பெங்ட் சால்டின் குழுவினர் மனிதர்களுக்கு ஒரு காலை மட்டும் சைக்கிள் மிதிக்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இதயமும் இரத்தமும் இரண்டு காலுக்கும் பொதுதான். ஆனாலும் பயிற்சி பெற்ற காலின் தசைதான் மாறியது, மற்றக் கால் பழையபடியே இருந்தது. இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். உழைத்த தசைக்கே கூலி. நீச்சலடித்து இதயத்தைப் பலப்படுத்தியவர் காம்ரேட்ஸ் பாதையிலுள்ள போத்தாஸ் ஹில் குன்றை ஏறும்போது திணறுவது இதனால்தான்.

நான்கு கடிகாரங்கள்

முதல் கடிகாரம் இரத்தத்துடையது. பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரத்துக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், நாடித்துடிப்பு இறங்கும், மூச்சு வாங்குவது குறையும். என் மச்சானை ஏமாற்றியது இந்தக் கடிகாரம்தான்.

இரண்டாவது மைட்டோகாண்ட்ரியாவுடையது. அவற்றின் புரதங்களில் பல ஒரு வாரத்துக்குள் பாதி அழிந்து பாதி புதிதாகிவிடும். அதனால் ஒரே அளவு பயிற்சியைத் தொடர்ந்தால் நான்கு முதல் ஆறு வாரத்தில் புது மட்டத்துக்கு வந்து நிற்கும். அதே காரணத்தால், விட்டுவிட்டால் வேகமாக இறங்கவும் செய்யும்.

மூன்றாவது தந்துகிகளுடையது. ஆண்டர்சன், ஹென்ரிக்சன் இருவரும் 1977-இல் வெளியிட்ட ஆய்வில், 8 வாரம் சைக்கிள் பயிற்சி செய்தவர்களின் தொடைத் தசையில் தந்துகி அடர்த்தி 20 சதவீதம் கூடியிருந்தது. இந்த வலை மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட வளரும். ஆனால் ஒருமுறை வந்துவிட்டால் எளிதில் போகாது.

நான்காவது, தசையை எலும்போடு கட்டும் நாண்களும் எலும்பும். குதிகால் நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அதன் உட்பகுதி வயதுவந்த பிறகு அரிதாகத்தான் புதுப்பிக்கப்படுகிறது. எலும்பு தன்னைத் தோண்டி மறுபடி கட்டிக்கொள்ள ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு மாதம் ஆகும். முதலில் தோண்டுகிறது, பிறகுதான் கட்டுகிறது என்பதை மறக்காதீர்கள். பயிற்சி தொடங்கிச் சில வாரங்களில் எலும்பு முன்பைவிடக் கொஞ்சம் பலவீனமாக இருக்கும் காலம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில்தான் மூச்சு சுலபமாகி நமக்கும் தைரியம் வருகிறது.

வேகம் குறைந்த கடிகாரத்தைப் பார்த்துத்தான் தூரத்தைக் கூட்ட வேண்டும். கீழே வரும் படிகளின் வரிசையை இதை வைத்தே போட்டிருக்கிறேன்.

படி 1: மருத்துவரைப் பாருங்கள், இந்த வருடமா அடுத்த வருடமா என்று முடிவு செய்யுங்கள்

40 வயது தாண்டியவர்கள், இரத்த அழுத்தம், சர்க்கரை, குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள் முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஓடவே ஓடாதவர் ஜனவரியில் தொடங்கி அதே ஜூனில் காம்ரேட்ஸ் ஓட நினைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதல் வருடம் அரை மாரத்தான், முடிந்தால் முழு மாரத்தான், அடுத்த வருடம் காம்ரேட்ஸ். எப்படியும் தகுதி பெற முழு மாரத்தான் ஒன்றைக் குறித்த நேரத்துக்குள் முடித்திருக்கத்தான் வேண்டும். இனி வரும் திட்டம் 10 கிலோமீட்டரை நிற்காமல் ஓடக்கூடியவருக்கு.

நம் வீடுகளில் சர்க்கரை நோய் எவ்வளவு சகஜம் என்பது எல்லோருக்கும் தெரியும். என் அப்பா அதனால் கால் விரலை இழந்தவர். அதனால் இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: உழைக்கும் தசை இன்சுலின் உதவி இல்லாமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓடி முடித்து ஓரிரு நாள் வரை இன்சுலினுக்கும் அது நன்றாகச் செவிசாய்க்கும். காம்ரேட்ஸ் ஓடும் எண்ணமே இல்லாதவரும் வாரம் நான்கு நாள் மெதுவாக ஓடுவதற்கு இந்த ஒரு காரணம் போதும். ஆனால் இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரிடம் அளவைப் பேசிவிட்டு, பையில் இனிப்பு ஏதாவது வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

படி 2: முதல் ஆறு வாரம், அடிக்கடி ஓடுங்கள், மெதுவாக ஓடுங்கள்

வாரம் நான்கு அல்லது ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் 30 முதல் 45 நிமிடம். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம், ஏற்றமாக இருந்தால் நடங்கள். சாட்ஸ்வொர்த் முழுக்க மேடும் பள்ளமும்தான். அதனால் ஆரம்பக்காரர்களை நான் வாரத்தில் இரண்டு நாளாவது கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். ப்ளூ லகூனிலிருந்து துறைமுக வாய் வரை சமதளமான நடைபாதை இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியின் புழுக்கத்தில் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவது நல்லது. இருட்டில் தனியாக ஓடாதீர்கள், கூட்டமாகப் போங்கள்.

ஏன் இவ்வளவு மெதுவாக? மூளை தசை இழைகளை ஒரு வரிசைப்படிதான் வேலைக்குக் கூப்பிடும். சின்ன நரம்புச் செல்களோடு இணைந்த மெது இழைகள் முதலில், சுமை கூடக் கூட வேக இழைகள். மெதுவாக ஓடினால் மெது இழைகள் முழு நேரமும் வேலை செய்து, கொழுப்பை எரித்துப் பழகும். வேகம் கூடியதும் வேக இழைகளும் சேரும், சர்க்கரைச் செலவு ஏறும், சர்க்கரை உடையும்போது உண்டாகும் லாக்டேட் கூடும், கொழுப்பு எரிவது குறையும். அப்போது நாம் கற்றுக்கொடுக்க நினைத்த பாடம் நடக்காது.

ஏன் அடிக்கடி? ஓடும்போது இழைக்குள் கால்சியம் அலைகள் எழுகின்றன, ஆற்றல் இருப்பு குறைகிறது. இந்த இரண்டையும் உணரும் நொதிகள் பிஜிசி-1 ஆல்ஃபா என்ற புரதத்தைத் தூண்டுகின்றன. 1998-இல் கண்டறியப்பட்ட இந்தப் புரதம் செல்லின் கருவுக்குள் போய், மைட்டோகாண்ட்ரியா கட்டுவதற்கான மரபணுக்களை எழுப்பும் மேஸ்திரி போன்றது. அந்தத் தூண்டல் ஓடி முடித்த சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், மறுநாளுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு நாள் கட்டளைக்கு ஒரு கைப்பிடிப் புரதம்தான் சேரும். அது கரைவதற்குள் அடுத்த கட்டளை வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் 20 கிலோமீட்டர் ஓடிவிட்டு ஆறு நாள் சும்மா இருப்பவரைவிட, நான்கு நாளில் ஐந்து ஐந்தாக ஓடுபவரின் தசை நன்றாக மாறுவது இதனால்தான்.

இந்த ஆறு வாரத்தில் மூச்சு சுலபமாகும். அப்போது தூரத்தைக் கூட்டாதீர்கள்.

படி 3: தைப்பூசமும் விரதமும் நடுவில் வரும், அதற்கும் இடம் விடுங்கள்

தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பவர்கள் நம்மில் நிறைய பேர். அந்த நாட்களில் ஓடலாமா என்று கேட்பார்கள். மெதுவாக, 40 நிமிடத்துக்குள் என்றால் ஓடலாம். கிளைக்கோஜன் குறைவாக இருக்கும்போது செய்யும் மெதுவான ஓட்டம் மைட்டோகாண்ட்ரியாவுக்கான சமிக்ஞையைக் கூட்டும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அதை வைத்து வாரக்கணக்கில் பட்டினியோடு ஓடுவது எலும்புக்கும் ஹார்மோனுக்கும் கேடு, குறிப்பாகப் பெண்களுக்கு. காவடி எடுத்து நடக்கும் நாளும் அதற்கு மறுநாளும் ஓய்வு. வெயிலில் வெறுங்காலோடு பல மணி நேரம் நடப்பது தசைக்கு ஒரு பயிற்சிதான், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதத்தில் கொப்புளம் இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். சர்க்கரை நோயாளி பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும்.

படி 4: ஏழாவது வாரத்திலிருந்து நீண்ட ஓட்டம்

வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் ஞாயிறு. 12 கிலோமீட்டரில் தொடங்கி, மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் இறக்குங்கள். 12, 14, 16 ஓடிய பிறகு 10. அடுத்த சுற்றில் 18, 21, 24, பிறகு 14. இந்த இறக்கும் வாரம் எலும்புக்காக. அது கட்டிக்கொள்ளும் வேலை அப்போதுதான் முன்னேறும். நன்றாக இருக்கிறதே, ஏன் குறைக்க வேண்டும் என்று தோன்றும். அந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்துத்தான் நான் பாதியில் நின்ற வருடம் குதிகால் நாணைக் கெடுத்துக்கொண்டேன்.

நீண்ட ஓட்டத்தில் ஓர் அருமையான விஷயம் நடக்கிறது. முதல் ஒரு மணி நேரம் மெது இழைகளே வண்டியை இழுக்கும். அவற்றின் கிளைக்கோஜன் தீரத் தீர, மூளை அதே வேகத்தைக் காப்பாற்ற அடுத்த வரிசையில் நிற்கும் வேக இழைகளைக் கூப்பிடும். மூன்றாவது மணி நேரத்தில், நீங்கள் வேகத்தைக் கூட்டாமலே, வழக்கமாக ஓய்வில் இருக்கும் இழைகளும் ஆக்சிஜனோடு உழைக்கக் கற்றுக்கொள்கின்றன. மிக வேக இழைகள் தாங்கும் வகை வேக இழைகளாக மாறுவது இப்படித்தான் நடக்கிறது. வேக இழை முழுமையாக மெது இழையாக மாறுமா என்றால், அது மிக மெதுவாக, சிறிய அளவிலேயே நடக்கும். 1960-இல் பூனைகளின் மெது தசைக்கும் வேக தசைக்கும் போகும் நரம்புகளை மாற்றி இணைத்துப் பார்த்தபோது தசைகளும் தங்கள் குணத்தை மாற்றிக்கொண்டன. தசை எந்த நரம்பின் சொல்லைக் கேட்கிறதோ அதன் குணம் தசைக்கு வருகிறது. நம் பயிற்சியும் நரம்பு வழியாகத் தசைக்குத் திரும்பத் திரும்ப அனுப்பும் செய்திதான்.

ஏப்ரல் பாதிக்குள் 30 கிலோமீட்டர், ஏப்ரல் கடைசியில் மாரத்தான் தூரம். மே தொடக்கத்தில் ஒரே ஒரு முறை 50 கிலோமீட்டரை ஒட்டி. அதற்கு மேல் பயிற்சியில் ஓட வேண்டாம். சேதம் ஆறவே பல வாரம் பிடிக்கும், லாபம் குறைவு. வார மொத்தம் 25 கிலோமீட்டரில் தொடங்கி ஏப்ரல், மே மாதங்களில் 65 முதல் 75 வரை போனால், 12 மணி நேரத்துக்குள் முடிக்க நினைப்பவருக்குப் போதும்.

படி 5: ஏற்றமும் கொஞ்சம் வேகமும்

பத்தாவது வாரத்துக்குப் பிறகு, வாரம் ஒரு நாள் மட்டும். சில்வர்கிளென் பக்கம் இருக்கும் ஏற்றங்கள் இதற்குத் தோது. நன்றாக உடம்பு சூடான பிறகு, இரண்டு மூன்று நிமிடம் பேச்சு வராத அளவுக்கு ஏறுங்கள், நடந்து இறங்குங்கள். நான்கு முறையில் தொடங்கி எட்டு வரை. இங்கே வேக இழைகள் நேரடியாக உழைக்கின்றன. அவை வெளியே தள்ளும் லாக்டேட்டை ஒரு காலத்தில் கழிவு என்றும், மறுநாள் வலிக்குக் காரணம் என்றும் நினைத்தார்கள். கலிபோர்னியாவின் ஜார்ஜ் புரூக்ஸ் அது ஓர் எரிபொருள் என்று காட்டினார். ஓர் இழை வெளியே விடும் லாக்டேட்டைப் பக்கத்து மெது இழையும் இதயமும் வாங்கி எரிக்கின்றன. பயிற்சியால் அதைக் கடத்தும் புரதங்கள் கூடுகின்றன. காம்ரேட்ஸ் பாதையின் பாலி ஷார்ட்ஸ் ஏற்றத்தில் கால் எரியும்போது இது உங்களுக்கு உதவும்.

படி 6: இறக்கத்துக்குத் தனியாகத் தயாராகுங்கள்

பலர் அலட்சியமாக விடுகிற படி இது. எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவதும் இதுதான். காம்ரேட்ஸ் ஒரு வருடம் டர்பனிலிருந்து மேலே ஏறும், பெரும்பாலும் அடுத்த வருடம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கீழே இறங்கும். 600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊரிலிருந்து கடல் மட்டத்துக்கு வருவதால் இறங்கும் வருடம் சுலபம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். மூச்சுக்குச் சுலபம்தான். முன்தொடைக்கு அப்படி இல்லை. இன்சாங்காவும் போத்தாஸ் ஹில்லும் தாண்டி, 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய கால்களோடு ஃபீல்ட்ஸ் ஹில்லில் மூன்று கிலோமீட்டர் செங்குத்தாக இறங்க வேண்டும்.

இறங்கும்போது முன்தொடை சுருங்க முயலும், ஆனால் உடல் எடை அதை நீட்டும். நீண்டுகொண்டே சுருங்கும் தசையில் இழைகளின் நுண்ணிய அடுக்குகள் அங்கங்கே கிழிகின்றன. கால்சியம் கசிகிறது, வீக்கம் வருகிறது. ஒன்று முதல் மூன்று நாள் வரை உச்சத்தில் இருக்கும் அந்த வலி இதனால் வருவது, லாக்டேட்டால் அல்ல. லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து போய்விடும்.

தசையின் நல்ல குணம் என்னவென்றால், ஒரே ஒரு முறை இறக்கத்தில் ஓடி வலி பட்டாலும், அடுத்த பல வாரங்களுக்கு அது அதே வேலையால் அவ்வளவு சேதமடையாது. சின்னச் சேதம் பெரிய சேதத்துக்குத் தடுப்பூசி. அதனால் மார்ச் முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நீண்ட ஓட்டத்தின் கடைசிப் பகுதி இறக்கமாக வரும்படி பாதையை அமைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை ஒரு கிலோமீட்டர் போதும், பிறகு இரண்டு, மூன்று. சின்ன அடி, வேகமான அடி. குதிகாலை முன்னால் நீட்டி ஊன்றி பிரேக் போடாதீர்கள். கடைசி இறக்கப் பயிற்சி காம்ரேட்ஸுக்கு மூன்று வாரம் முன்னதாக முடிந்துவிட வேண்டும்.

வாரம் இரண்டு நாள் வீட்டிலேயே 20 நிமிடம் பலப் பயிற்சியும் செய்யுங்கள். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றுவது, ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து எழுவது. நாண்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

படி 7: சாப்பாடு

நீண்ட ஓட்டம் முடிந்த அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் கொஞ்சம் புரதமும் சாப்பிடுங்கள். சோறும் பருப்பும் தயிரும் போதும், டப்பாப் பொடிகள் தேவையில்லை. சைவம் சாப்பிடுபவர்கள் இரும்புச் சத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். இரும்பு குறைந்தால் இரத்தத்தோடு தசையின் மைட்டோகாண்ட்ரியாவும் பாதிக்கப்படும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் இரும்பு சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்வேன். பயிற்சிக் காலத்தில் வைட்டமின் சி, இ மாத்திரைகளைப் பெரிய அளவில் விழுங்காதீர்கள். ஓடும்போது உண்டாகும் கொஞ்சம் ஆக்சிஜன் தனி உறுப்புகளும் (ஃப்ரீ ராடிக்கல்கள்) தசைக்கு "மாறு" என்று சொல்லும் தூதர்கள்தான். தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி எடுப்பது பயிற்சியின் பலனை மழுங்கச் செய்யலாம் என்று 2008, 2009 ஆய்வுகள் காட்டின. கொய்யாவும் ஆரஞ்சும் தாராளமாகச் சாப்பிடலாம்.

படி 8: கடைசி மூன்று வாரம்

தூரத்தை முதலில் மூன்றில் ஒரு பங்கும், பிறகு பாதியும், கடைசி வாரம் இன்னும் அதிகமாகவும் குறையுங்கள். ஓடும் நாட்களின் எண்ணிக்கையை அதிகம் குறைக்க வேண்டாம். "இவ்வளவு உழைத்தது வீணாகிவிடுமோ" என்ற பயம் எல்லோருக்கும் வரும். முழுதாக நிறுத்தினால்தான் மைட்டோகாண்ட்ரியா சரியும். கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தால் அப்படியே நிற்கும். எட்வர்ட் காய்ல் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பயிற்சி பெற்றவர்கள் முழுதாக நிறுத்தியும் முதல் மூன்று வாரத்தில் அவர்களின் உடம்பு பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு 7 சதவீதம்தான் இறங்கியது. 12 வாரம் ஆகியும் தந்துகிகள் குறையவில்லை. சளி, காய்ச்சல் என்று ஒரு வாரம் படுத்தவர்களும் இதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு மட்டும் ஓடாதீர்கள், இதயத் தசைக்கு ஆபத்து.

கடைசி மூன்று நாள் சோற்றைக் கூட்டுங்கள். பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள் இருவரும் 1966-இல், ஒற்றைக் காலை மட்டும் களைக்கும்வரை உழைக்கவைத்து, பிறகு மூன்று நாள் மாவுச்சத்து சாப்பிட்டால் அந்தக் காலில் மட்டும் கிளைக்கோஜன் ஏறக்குறைய இரண்டு மடங்காவதைத் தங்கள் கால்களிலேயே ஊசி குத்தித் தசைத் துணுக்கு எடுத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். அதனால் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறினால் கவலைப்படாதீர்கள். ரொட்டிக்குள் கறி நிரப்பிய பன்னி சௌ போன்ற எண்ணெயும் காரமும் நிறைந்ததை ஓட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

படி 9: அந்த நாள்

விடியும் முன், ஓட்டம் தொடங்கும் அடையாளமான சேவல் கூவும் ஒலிப்பதிவு கேட்டதும், கூட்டம் உங்களை இழுத்துக்கொண்டு போகும். முதல் 20 கிலோமீட்டர் பேச முடிகிற வேகத்திலேயே இருங்கள். முதல் மணி நேரத்தில் வேகமாக ஓடிச் செலவழிக்கும் கிளைக்கோஜன் திரும்பி வராது. ஏற்றங்களில் நடங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடுங்கள், பயிற்சியில் வயிறு ஏற்றுக்கொண்டதை மட்டும்.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் டிம் நோக்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல், நீண்ட பந்தயங்களில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்த நான்கு பேரைப் பற்றி எழுதினார்கள். உலகம் இந்தப் பாடத்தைப் படித்ததில் நம் சாலைக்கும் பங்கு உண்டு. கை வீங்கி, தலை வலித்து, குழப்பம் வந்தால் மேற்கொண்டு தண்ணீர் குடிக்காமல் மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட வேண்டாம். சிதைந்த தசையின் மயோகுளோபின் சிறுநீரகத்தைத் தாக்கும் நேரத்தில் இபுப்ரோஃபென் வகை மாத்திரை அதற்கு வரும் இரத்தத்தையும் குறைக்கும். மறுநாள் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படி 10: அதன் பிறகு

இரண்டு வாரம் ஓட்டம் கிடையாது. மெதுவாக நடக்கலாம், கடலில் இறங்கி நிற்கலாம். வலி ஒரு வாரத்தில் போய்விடும், ஆனால் இழைகள் சீராக இன்னும் பல வாரம் ஆகும். இழைகளின் ஓரத்தில் உறங்கிக்கிடக்கும் துணைச் செல்கள் எழுந்து, பெருகி, கிழிந்த இடங்களோடு இணைந்து தைக்கும் வேலை நடக்கிறது. மூன்றாவது வாரம் 20 நிமிடம், நான்காவது வாரம் அரை மணி நேரம், வாரம் மூன்று நாள். அவ்வளவு ஓடினாலே ஆறு மாதத்தில் சேர்த்ததில் பெரும்பகுதி நிற்கும்.

மச்சான் அடுத்த வருடம் இந்த வரிசைப்படியே போய், 11 மணி 20 நிமிடத்தில் முடித்தார். ஆடி மாதம் மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றும்போது பெரிய அண்டாவைத் தூக்க ஆள் கூப்பிட்டார்கள். அவர் முன்னால் போய் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு படிகளில் நேராக இறங்கினார். அன்று மாலை என்னிடம் வந்து, "அத்தான், நாளைக்கு அஞ்சு மணிக்கு ப்ளூ லகூனா?" என்று கேட்டார்.